நைனியப்ப நாயக்கன் தெருவில் வாங்கிய மைக்ராஸ்கோப்: ஆறு மாதம் கழித்து

எங்கள் வீட்டில் மிக்சிக்குப் பக்கத்து மேடையில் ஒரு மைக்ராஸ்கோப் நிற்கிறது. மாவு கையோடு யாரும் அதைத் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். வாங்கிய வாரமே எழுதியிருந்தால் ஆசையில் எழுதியதாக ஆகியிருக்கும். ஆறு மாதம் போகட்டும் என்று பொறுத்தேன். இப்போது அதன் நல்லதும் தெரியும், பொல்லாததும் தெரியும்.

நான் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் தாவரவியல் எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் மொட்டைமாடியில் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடுவார்கள். வீட்டுக்கு மீன் வாங்கிக் கொடுத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வருவார்கள். பாடப் புத்தகத்தில் இருப்பதை அங்கே நடத்துவதில்லை. பார்ப்பது மட்டும்தான். அதற்காக வாங்கிய சாமான் இது.

ஒற்றைக் கண் மாடல். மேலே 10 மடங்கு கண்லென்ஸ், கீழே 4, 10, 40 என்று மூன்று லென்ஸ். ஆக, அதிகபட்சம் 400 மடங்கு. எல்இடி விளக்கு, அடியில் வெளிச்சத்தைக் குவிக்கும் கண்டென்சர், கனமான உலோக உடம்பு. ஹரியானாவில் அம்பாலாவில் செய்தது. பள்ளி ஆய்வகச் சாமான் செய்வதற்குப் பேர்போன ஊர் அது. பில்லோடு 4,600 ரூபாய் ஆனது.

இதற்கு முன்பு ஆன்லைனில் ஒன்று வாங்கி நொந்து போயிருந்தேன். பெட்டியின் மேல் 1200 மடங்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே பிளாஸ்டிக். எல்லாம் பெரிதாகத் தெரிந்தது, ஆனால் ஒன்றும் தெரியவில்லை. மங்கலான ஒன்றை எத்தனை மடங்கு பெருக்கினாலும் மங்கல்தான் பெருகும். லென்ஸ் எவ்வளவு பெரிதாக்குகிறது என்பதைவிட, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டுகிறதா என்பதுதான் கேள்வி. அந்தப் பெட்டியைப் பார்த்து ஒரு பிள்ளை ஏமாந்தபோதுதான் கடையில் நேரில் பார்த்து வாங்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பார்க் டவுன் நைனியப்ப நாயக்கன் தெரு தெரிந்தவர்களுக்குத் தெரியும். பக்கத்து ராசப்ப செட்டித் தெருவின் நாட்டு மருந்து வாசம் மூக்கில் ஏறும்போதே கெமிக்கல் கடைகள் ஆரம்பித்துவிடும். கடைப் பெயரைப் போடவில்லை. கடைக்காரப் பெரியவர் விளம்பரம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குறுகலான கடை, மேலே மரத்தட்டு, ஏணி வைத்துத்தான் பெட்டியை இறக்க வேண்டும்.

"டீச்சரம்மா, மூணு பீஸ் இறக்கச் சொல்றேன். எது கண்ணுக்குப் பிடிக்குதோ எடுத்துக்கங்க. காசு அப்புறம்," என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காகவே அந்தக் கடைக்கு முழு மதிப்பெண் போடுவேன். ஒரே மாடலில் மூன்று பெட்டி இருந்தாலும் மூன்றும் ஒன்றாக இருக்காது. நான் வீட்டிலிருந்தே இரண்டு ஸ்லைடு கொண்டு போயிருந்தேன். ஒன்றில் வெங்காயத் தோல். இன்னொன்றில் பாலக் கீரையின் அச்சு. இலையின் அடிப்பக்கத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷ் தடவி, காய்ந்ததும் செல்லோ டேப் ஒட்டி உரித்தால் இலையின் மேல்தோல் அப்படியே படிந்து வரும். அதை ஸ்லைடில் ஒட்டினால் போதும். மைக்ராஸ்கோப் வாங்கப் போகிற எல்லோரும் இந்த இரண்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் தரும் ஸ்லைடில் எல்லாமே அழகாகத்தான் தெரியும்.

முதல் பீசில் ஓரமெல்லாம் நிழல். இரண்டாவதில் 40 லென்சின் ஸ்பிரிங் இறுகிக் கிடந்தது. மூன்றாவதில் பாலக் வந்து நின்றது. செல்லின் விளிம்பு கோடு கோடாக, கம்பியால் இழுத்தது போல. அதைத்தான் வாங்கினேன்.

பாலக்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மைக்ராஸ்கோப்புக்கு நான் கொடுத்த காசு அந்த ஒரு காட்சியிலேயே திரும்பி வந்துவிட்டது.

வெங்காயத் தோல் எல்லோரும் பார்த்ததுதான். செங்கல் அடுக்கியது போல நீளச் சதுரங்கள். பாலக் இலையின் செல்கள் அப்படி இல்லை. ஒவ்வொன்றும் அலை அலையாக நெளிந்து, ஒன்றின் புடைப்பு அடுத்ததன் பள்ளத்தில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் ஒரு பெண் முதல் தடவை பார்த்துவிட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "மிஸ், ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கினு கீது மிஸ். யாரு மிஸ் வெட்னது?"

என் காதில் விழுந்த கேள்விகளிலேயே சிறந்த கேள்வி அது. யாரும் வெட்டவில்லை. இளம் இலையில் இந்தச் செல்லும் நெளிவில்லாத சாதாரணப் பலகோணமாகத்தான் இருக்கும். வளர வளர நெளிகிறது. நெளிய வைப்பது செல்லுக்குள் இருக்கும் எலும்புக்கூடு. நம் எலும்பு மாதிரி கட்டையானது இல்லை அது. ஆக்டின் என்ற மெல்லிய இழைகளும், நுண்குழல்கள் என்ற கொஞ்சம் தடித்த குழாய்களும், நொடிக்கு நொடி கட்டப்பட்டும் கலைக்கப்பட்டும் இருக்கும் சாரம். கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறவர்கள் பகலில் கட்டி மாலையில் அவிழ்ப்பது போல.

எங்கே கட்டு, எங்கே அவிழ் என்று சொல்வது ஒரு சின்னப் புரதம். செடிகளில் அதற்கு ராப் என்று பெயர். நம் உடம்பில் இதே வேலை பார்க்கும் ரோ, ராக், சிடிசி42 என்ற புரதங்களின் பங்காளி. சுமார் 200 அமினோ அமிலங்கள் கோத்த, புரதங்களுக்குள் சிறியது. குவானோசின் மூலக்கூறு ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதில் மூன்று பாஸ்பேட் இருந்தால் விழித்திருக்கிறது என்று அர்த்தம். ஒன்று உதிர்ந்து இரண்டானால் தூங்கிவிட்டது. தட்டி எழுப்ப ஒரு வகைப் புரதம், தூங்க வைக்க ஒரு வகை, செல் சவ்வுப் பக்கம் போகாமல் பிடித்து வைக்க இன்னொரு வகை என்று அதைச் சுற்றி எப்போதும் ஆட்கள்.

ஆனால் விழித்தெழுந்த ராப் தன் கையால் ஒரு இழையைக்கூடக் கட்டாது. கூட்டாளியைப் பிடிக்க வேண்டும். அந்தக் கூட்டாளிகளில் ஒரு குடும்பத்துக்கு ரிக் என்று பெயர். கலிஃபோர்னியாவில் ரிவர்சைடு பல்கலைக்கழகத்தில் ஜென்பியாவ் யாங்கின் ஆய்வுக்குழு அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் செடியில் இதைத் துருவித் துருவிப் பார்த்தது. அந்தச் செடியில் ராப் 11 வகை, ரிக் 11 வகை. இலைச் செல்லில் ராப்2 போய் ரிக்4-ஐப் பிடித்த இடத்தில் ஆக்டின் வலை பின்னப்படுகிறது. செல் அங்கே வெளியே புடைக்கிறது. அதே ராப்2 அந்த இடத்தில் ரிக்1-ஐ அடக்கியும் வைக்கிறது. புடைப்பின் எதிரே, பக்கத்துச் செல்லின் பள்ளத்தில், ராப்6 அந்த ரிக்1-ஐ எழுப்பி விடுகிறது; அங்கே நுண்குழல்கள் வரிசையாக, பீப்பாய்க்குப் போடும் பட்டை மாதிரி கட்டிக்கொள்ள, செல் அந்த இடத்தில் புடைக்க முடியாமல் இடுங்கிப் போகிறது. புடைப்பு ஒரு கூட்டால், இடுக்கு இன்னொரு கூட்டால். முக்கியமான முதல் முடிவுகள் 2005இல் வந்தன. நான் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு வந்த பிறகு வந்த விஷயம். எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இலையைப் பார்த்துவிட்டுத் தேடிப் படித்தேன்.

இங்கே மைக்ராஸ்கோப்பின் எல்லையைச் சொல்லியாக வேண்டும். இந்த 40 லென்ஸ் நன்றாக ஃபோகஸ் செய்தால் அரை மைக்ரான், அதாவது 500 நானோமீட்டர் இடைவெளி வரைக்கும் பிரித்துக் காட்டும். ஆக்டின் இழையின் தடிமன் சுமார் 7 நானோமீட்டர். அரை மைக்ரானில் எழுபதில் ஒரு பங்கு. நுண்குழல் 25 நானோமீட்டர். ராப் அதையும்விடச் சின்னது. ஒளியை வைத்துப் பார்க்கும் கருவிக்கு ஒரு எல்லை உண்டு என்று எர்ன்ஸ்ட் அபே 1873லேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். சாதாரண ஒளியில் எவ்வளவு காசு கொட்டினாலும் 200 நானோமீட்டர் பக்கம் நின்றுவிடும். ஆகவே சாரம் தெரியாது, மேஸ்திரி தெரியமாட்டார். கட்டிய வீடு தெரியும். பிள்ளைகளிடம் இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பொம்மை மைக்ராஸ்கோப் பெட்டியில் கண்ட பொய்யை நானும் சொல்லக் கூடாது.

உயிரோடு நடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் மகரந்தம். இதற்கு நாங்கள் நித்தியகல்யாணிப் பூவை எடுத்தோம். சுடுகாட்டு மல்லி என்று சொல்வோமே, அதேதான். மூலக்கொத்தளம் சுடுகாட்டுப் பக்கம் சுவரோரமெல்லாம் தானாக முளைத்துக் கிடக்கும். பூவின் குழாயை நகத்தால் நீளவாக்கில் கிழித்தால் உள்ளே மகரந்தப் பை.

மகரந்தத்தை முளைக்க வைக்க, புரூபேக்கர், குவாக் என்ற இருவர் 1963இல் வெளியிட்ட கலவையை வைத்துக்கொண்டேன். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சர்க்கரை 100 கிராம், போரிக் அமிலம் 100 மில்லிகிராம், கால்சியம் நைட்ரேட் 300, மக்னீசியம் சல்பேட் 200, பொட்டாசியம் நைட்ரேட் 100. எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு. பேட்டரி தண்ணீர் வாங்கித்தான் செய்தேன். போரிக் அமிலம் என்றதும் ஒரு பையன் ஓடிப்போய் அவன் அப்பாவின் கேரம் பவுடரைக் கொண்டுவந்தான். வடசென்னையில் போரிக் பவுடர் இல்லாத சந்து ஏது? எங்கள் பக்கத்துப் பெண் காசிமா 2024இல் அமெரிக்காவில் போய்க் கேரமில் மூன்று தங்கம் அடித்து வந்ததிலிருந்து பிள்ளைகள் கேரம் போர்டைவிட்டு எழுவதே இல்லை. ஆனால் கேரம் பவுடர் என்று விற்பதில் மாவு கலந்ததும் உண்டு. மருந்துக் கடையில் போரிக் அமிலம் என்று கேட்டு வாங்குவது நல்லது.

ஒரு சொட்டு கலவை, அதில் மகரந்தம், மேலே கவர் ஸ்லிப். ஈரப் பஞ்சு வைத்த டிபன் பாக்சில் ஸ்லைடை மூடி வைத்தோம். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால், உருண்டையிலிருந்து கண்ணாடி இழை போல ஒரு குழாய் நீண்டிருந்தது. இரண்டு, மூன்று, பிறகு எங்கே பார்த்தாலும். நுனி மட்டும்தான் வளரும். பின்னால் உள்ள சுவர் அப்படியே நிற்கும்.

அந்த நுனியில் ராப்1 குல்லா போட்டது போல உட்கார்ந்திருக்கும். இதையும் யாங்கின் குழுதான் 2005இல் காட்டியது. ராப்1 ஒரே நேரத்தில் இரண்டு கூட்டாளிகளைப் பிடிக்கிறது. ரிக்4 ஆக்டினைக் கட்டச் சொல்கிறது. சுவருக்கு வேண்டிய சரக்குப் பைகள் அந்த இழைகளின் துணையால் நுனிக்கு வந்து சேர்கின்றன. ரிக்3 கால்சியத்தை உள்ளே விடுகிறது. கால்சியம் ஆக்டினைக் கலைக்கிறது. வழி விட்டதும் பைகள் சவ்வோடு ஒட்டித் திறந்து சரக்கை இறக்குகின்றன. கட்டுவது மட்டும் நடந்தால் சரக்கு வாசலிலேயே தேங்கும். கலைப்பது மட்டும் நடந்தால் சரக்கே வராது. ராப்1 தூங்காமல் எப்போதும் விழித்தே இருந்தாலும் ஆபத்துதான். குழாய் நீளாமல் நுனி பலூன் போல ஊதிவிடும்.

பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் என் அப்பாவைச் சொன்னேன். அவர் ஹார்பரில் கப்பல் வேலை பார்த்தவர். கப்பல் மேல்தளத்தில், சரக்கறை வாயருகே நின்று கை காட்டுவதுதான் அவர் வேலை. மூட்டை தூக்கியதில்லை, வின்ச்சைத் தொட்டதில்லை. உயர்த்திய கை ஒன்றுதான். அதை வின்ச்காரர் பார்த்தால் சங்கிலி ஏறும். கீழே நிற்கிறவர்கள் பார்த்தால் ஒதுங்குவார்கள். ஒரே கை, பார்க்கிற ஆளைப் பொறுத்து வேலை வேறு. இரண்டில் ஒருவர் பார்க்கத் தவறினாலும் அன்றைக்கு யாருக்காவது அடிபடும். காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

நம் உடம்பிலும் இதே கணக்குதான். 1992இல் லண்டனில் ஆன் ரிட்லியும் ஆலன் ஹாலும் எலிக் கருவிலிருந்து எடுத்து வளர்த்த இணைப்புத் திசுச் செல்களில் ரோ புரதத்தை ஊசியால் செலுத்தியபோது உள்ளே ஆக்டின் வடம் வடமாகத் திரண்டது. ராக் புரதத்தைச் செலுத்தினால் செல்லின் விளிம்பு பாவாடைக் கரை போலச் சுருக்கம் சுருக்கமாக எழும்பியது. அண்ணன் தம்பி போன்ற புரதங்கள்தான், ஆனால் கூட்டாளிகள் வேறு, அதனால் செல்லின் உருவமும் வேறு. அப்புறம், அந்த நித்தியகல்யாணிச் செடி இருக்கிறதே, அதிலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் மருந்துகள் வருகின்றன. நுண்குழல்கள் கட்டப்படாமல் தடுத்து, பெருகும் புற்றுநோய்ச் செல்லை நிறுத்துபவை. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் தருகிறார்கள். மயானத்துச் சுவரோரப் பூ. இதைச் சொன்ன அன்று மாடியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

சரி, குறைகளுக்கு வருகிறேன். மகரந்தக் குழாய் நீள்வதைப் பார்க்க ஒரே இடத்தில் அரை மணி நேரம் ஃபோகஸ் நிற்க வேண்டும். முதல் ஞாயிறு அது நிற்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் தானாக மங்கியது. ஸ்லைடு வைக்கும் மேடை மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. முறை வைத்துக் காத்திருந்த பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வெறும் வெள்ளை வட்டம்தான் தெரிந்தது. எனக்கு அழுகையே வந்தது. செவ்வாய்க்கிழமை அதைத் துணிப்பையில் போட்டு பஸ்சில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். மாற்றித் தர மாட்டோம் என்று முகம் காட்டுவார்களோ என்ற பயம் இருந்தது.

கடைத் தம்பி வாங்கிப் பார்த்தான். "அக்கா, இது ரிப்பேர் இல்ல. ரெண்டு பக்கப் பெரிய திருகையும் ரெண்டு கையால புடிச்சு, ஒண்ண முன்னால, ஒண்ண பின்னால திருப்புங்க. டைட் ஆயிடும்."

அவ்வளவுதான். அதன் பிறகு மேடை அசையவில்லை. எல்லா மாடலிலும் இந்த ஏற்பாடு இருக்காது; வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். காசு வாங்கவில்லை. ஆனால் இதை விற்ற அன்றே சொல்லியிருக்கலாம். பெட்டியில் கையேடு என்று ஒரு தாள்கூட இல்லை. அரை மதிப்பெண் குறைக்கிறேன்.

பெட்டியோடு வந்த ஐந்து ஸ்லைடுகளில் மூன்று உபயோகமில்லை. ஒன்றில் காற்றுக் குமிழியைத் தவிர எதுவும் இல்லை. படத்தின் ஓரத்தில் லேசான ஊதா நிறம் கசிகிறது. நடுவில் வைத்துப் பார்த்தால் தொந்தரவில்லை, ஆனால் ஃபோன் வைத்துப் படம் எடுத்தால் தெரியும். செல்போன் மாட்டும் கிளிப் தனியாக 350 ரூபாய். ரப்பர் இரண்டே மாதத்தில் தளர்ந்துவிட்டது, வாங்காதீர்கள். 100 மடங்கு லென்சும் சேர்த்து வாங்கச் சொல்வார்கள். அதற்கு எண்ணெய் விட வேண்டும், பிள்ளைகள் கையில் ஸ்லைடு உடையும். நாங்கள் பார்க்கும் எதற்கும் அது வேண்டியிருக்கவில்லை.

விளக்கு நன்றாக இருக்கிறது. கரண்ட் போனாலும் பவர் பேங்கில் எரிகிறது. பாலக் அச்சு மாதிரி நிறமில்லாத பொருளைப் பார்க்கும்போது கண்டென்சர் அடியில் இருக்கும் துளையைக் கொஞ்சம் மூடினால் விளிம்பு எழும்பி வரும். புதிதாக வாங்குகிறவர்கள் எல்லோரும் வெளிச்சத்தைக் கூட்டிவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்பார்கள்.

முளைவிடும் மகரந்தம் கிடைக்காத வாரத்தில் கொளத்தூர் அலங்கார மீன் கடைகளில் ஹைட்ரில்லா பாசி ஒரு கைப்பிடி வாங்கி வருகிறேன். ஒரு இலையைத் தண்ணீரோடு ஸ்லைடில் வைத்து, சற்று நேரம் விளக்கு வெளிச்சத்தில் விட்டால், 400 மடங்கில் பச்சைய மணிகள் செல்லின் ஓரமாக ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வலம் போகும். அவற்றை ஓட்டுவது ஆக்டின் தடத்தில் நடக்கும் மயோசின் என்ற புரதம். தடம் தெரியாது. ஆனால் மணிகள் போகிற வழியைப் பார்த்தே, தடம் எங்கே போட்டிருக்கிறது என்று பிள்ளைகள் காகிதத்தில் வரைந்துவிடுகிறார்கள். அந்த வரைபடங்களை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இந்தக் கடைக்குப் போக நினைப்பவர்களுக்கு: சென்ட்ரலில் இறங்கி நடந்துவிடுங்கள், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. ஞாயிறு விடுமுறை. காலை பதினொன்றுக்குள் போனால் பெரியவருக்கு நின்று பேச நேரமிருக்கும். மூன்று பீஸ் இறக்கச் சொல்ல வெட்கப்படாதீர்கள். வெறும் வெங்காயம் பார்க்க மட்டும் என்றால் இதைவிட மலிவானது போதும். இலை அச்சும் மகரந்தமும் பார்க்க ஆசை இருந்தால் இந்த 40 லென்சுக்குக் கீழே இறங்காதீர்கள்.

போன ஞாயிறு கலவையில் சர்க்கரை குறைந்துவிட்டது. குழாய்கள் நீண்ட சற்று நேரத்தில் நுனி ஊதி வெடித்துச் சிதறின. கொருக்குப்பேட்டைப் பெண் தலையைத் தூக்கி, "மிஸ், இது ராப் தூங்காம போனதா, இல்ல நம்ம தண்ணி தப்பா?" என்று கேட்டாள். தண்ணீர்தான் என்று சொன்னேன். சர்க்கரையைச் சரியாக நிறுத்து அவளே புதுக் கலவை செய்தாள். ஒரு மணி நேரம் கழித்து டிபன் பாக்சைத் திறந்தோம். குழாய்கள் நீளமாக, உடையாமல் இருந்தன.